பன்னிரண்டாவது ரசிகர்

மழையில் நனைந்த அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் படியேறி வருவதற்கு முன்பே, பொரித்த மீன் வாசனை ஏறி வந்துவிட்டது. என் கதவில் ஒரு கண்ணாடித் துளை இருக்கிறது. யார் வந்தாலும் அதில் கண்ணை வைப்பது என் வழக்கம். வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். அலெக்ஸாந்திரியாவில் குளிர்காலப் புயல் இறங்கிவிட்டால் பகல் மூன்று மணிக்கே படிக்கட்டில் விளக்குப் போட வேண்டும். எங்கள் கட்டடத்தில் விளக்கு எரிந்து ஏழு மாதமாகிறது.

அவர்கள் போவது எனக்கு நேர்மேலே, உஸ்தாத் தசூகியின் வீட்டுக்கு. டிராம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் தெரியாத பாட்டுக்காரர்களைக் கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு வியாதி. கல்யாணம், சுன்னத்து விருந்து, தர்கா திருவிழா என்று எங்கே கூட்டம் கூடினாலும் கடைசி வரிசையில் நிற்பார். சாப்பாட்டுக்கு இல்லை. பெரிய பாடகர் தேநீர் குடிக்கப் போகும்போது கூட்டத்தைச் சமாளிக்க மேடையேற்றப்படும் அந்த இரண்டாம் ஆளைக் கேட்பதற்கு. பிடித்துப்போனால் தன் முன்னறைக்கு அழைத்து வந்து, தேர்ந்த ரசிகர்கள் பத்துப் பேருக்கு முன்னால் பாட வைப்பார். அவர் கண்டுபிடித்தவர்களில் இதுவரை ஒருவர்தான் பெரிய ஆளானார். கெய்ரோவில் கோழிக்கடை, இரண்டு கிளை.

கதவு தட்டப்பட்டது. நான் உடனே திறந்தால் துளையில் கண் வைத்திருந்தது தெரிந்துவிடுமே என்று பத்து வரை எண்ணிவிட்டுத் திறந்தேன்.

"அக்கா, தலை துவட்ட ஒரு துணி கெடைக்குமா? இப்படியே போனா பொண்ணுக்குத் தொண்டை கட்டிடும்" என்றாள் தாய். உம் நஈமா, அதாவது நஈமாவின் அம்மா, என்றே தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

துணி கொடுத்தேன். கேள்வியும் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. நஈமாவுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவும் மகளும் அன்ஃபூஷியில் ஒரு மீன் கடையில் பொரிக்கிறார்கள். சனிக்கிழமை வானொலியில் குரல் தேர்வு. உஸ்தாத் தசூகி கைப்படக் கடிதம் கொடுத்தால் உள்ளே விடுவார்கள். இன்று இவர் வீட்டு ரசிகர்கள் தலையாட்டினால்தான் கடிதம். தேர்வில் தேறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளி ஹாஜ் பெஷீருக்கு அவள் இரண்டாம் மனைவி. அவருக்கு அறுபத்து மூன்று வயது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அவருக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்டேன்.

"மேல மட்டும்" என்றாள் நஈமா. சிரிக்கவில்லை. "உம் ஹாஸிம், எனக்கு இந்தத் தொண்டை ஒண்ணுதான் இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் அது பத்திரமா இருக்கணும்."

என் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கீழே ரொட்டிக்காரன் எச்சரித்தானாம்.

அவர்கள் மேலே போனதும் நான் சமையலறைக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் எல்லாச் சமையலறை ஜன்னலும் நடுவில் காற்றுக்காக விட்ட ஒரு குறுகிய சந்தின் பக்கம் பார்த்திருக்கும். மேல்வீட்டில் கரண்டி விழுந்தாலும் என் வீட்டில் கேட்கும். படியேறியவர்களை நான் எண்ணியிருந்தேன். தசூகியையும் சேர்த்து ரசிகர்கள் பதினொரு பேர். பதினொரு பேரின் செருமலும் எனக்குத் தெரியும்.

ஊத் என்கிற தந்தி வாத்தியம் சுருதி சேர்ந்தது. பெண் பாடத் தொடங்கினாள்.

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயம் காரணமில்லை. தசூகி இருபது வருடத்தில் ஒரே ஒரு முறை சரியான ஆளைப் பிடித்திருந்தார்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு வரி நெஞ்சைத் தொட்டுவிட்டால், கேட்பவர் "இன்னொரு தரம்!" என்பார். பாடுபவர் மறுக்கக் கூடாது. அதே வரியைப் புதிய வளைவோடு, புதிய நெளிவோடு பாட வேண்டும். கேட்டவர் போதும் என்று கைதட்டும்வரை.

அவள் அந்த வரிக்கு வந்தாள்.

*வாவென்று நான் அழைக்கமாட்டேன், கதவைத் தாழிடவும் மாட்டேன்...*

"இன்னொரு தரம்" என்றது ஒரு குரல்.

கரகரப்பாக, மரியாதையாக, கொஞ்சம் கெஞ்சலாக. எனக்குத் தெரியாத குரல் அல்ல. அதுதான் வம்பு. அது ஷஃபீக் ஐயாவின் குரல். ஓய்வு பெற்ற வக்கீல், சொத்தைப் பல்லுக்காக எந்நேரமும் கிராம்பு மெல்லும் மனிதர். போன ரமளானுக்கு முன்னால், இதே மேல்வீட்டில், இதே பாட்டில், இதே வரியைத் திரும்பக் கேட்டவர், அது முடியுமுன்னே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு முன் உடலைக் குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் வைத்தவள் நான்.

ரசிகர்களில் யாராவது அவர் மாதிரி பேசிப் பார்க்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆண்களுக்கு வயதானால் இப்படித்தான் புத்தி போகும்.

"இன்னொரு தரம்."

அவள் பாடினாள். "அல்லாஹ்! அல்லாஹ்!" என்று மற்றவர்கள் உருகினார்கள்.

"இன்னொரு தரம்."

நான் எண்ணத் தொடங்கினேன். இருபதாவது முறைக்குப் பிறகு வாத்தியம் தடுமாறியது. முப்பதில் நின்றேவிட்டது. வெறும் குரல் மட்டும் சந்து வழியாக இறங்கியது. மழை, குரல், மழை. ஒவ்வொரு முறையும் வரி வேறு உருவம் எடுத்தது. ஒருமுறை தாலாட்டு மாதிரி. ஒருமுறை ஒப்பாரி மாதிரி. ஒருமுறை சந்தையில் கூவுகிறவளைப்போல.

கிராம்பு வாசனை என் சமையலறைக்குள் வந்தது.

நாற்பத்திரண்டாவது முறையின்போது என் கதவு அதிர்ந்தது. உம் நஈமா. முக்காடு தோளில் கிடந்தது.

"வாங்க அக்கா, வந்து நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. மொதல்ல நான்தான் அவ காதுல சொன்னேன், பெரியவங்க கேட்டா மறுக்காதடின்னு. இப்ப அவளுக்கு வாய் ஓரத்துல ரத்தம் தெரியுது."

செருப்பில்லாமல் ஓடினேன்.

முன்னறையில் இருட்டு. ஒரு மேசை விளக்கு. பதினொரு ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு அசைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஆனந்தத்தில். நடுவில் நஈமா நின்றிருந்தாள். பாவாடையை இரு கையாலும் கசக்கியபடி, ஜன்னலோரம் இருந்த ஒரு காலி நாற்காலியை இமைக்காமல் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். ஷஃபீக் ஐயா உயிர்விட்ட அந்த நாற்காலியில், மரியாதைக்காக, யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தார்கள்.

"உஸ்தாத், போதும்னு சொல்லுங்க. பொண்ணு செத்துடுவா" என்று தசூகியின் காதில் கிசுகிசுத்தேன்.

"கெடுத்துடாதீங்க உம் ஹாஸிம்" என்றார், கண்ணைத் திறக்காமல். "அந்த நடுக்கத்தக் கேளுங்க. இதுக்குத்தான் இருபது வருஷமா அலைஞ்சேன். இந்த வயசுல இவ்வளவு வேதனைய எங்கேருந்து கொண்டு வர்றா!"

"அது பயம்யா!"

"கலை" என்றார்.

"அப்ப இன்னொரு தரம்னு கேக்கறது யாரு?"

"முனீர்தான்."

ஊத் வாத்தியத்தை மடியில் கிடத்தியிருந்த முனீர் கண்ணைத் திறந்தார். "நானா? நீங்கதான்னு நெனச்சேன்."

நான் பதினொரு வாய்களையும் பார்த்தேன். வரி முடிந்தது. எல்லா உதடுகளும் மூடியிருந்தன.

"இன்னொரு தரம்."

ஜன்னலோரத்திலிருந்து.

நஈமா பாடினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் வரியை அழகுபடுத்தவில்லை. இதுவா, இதுவா என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கிறாள். எந்த வளைவில் அவர் கைதட்டுவார் என்று தேடுகிறாள். பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவள் இருக்கிற சாவியெல்லாம் போட்டுப் பார்ப்பதுபோல. ஊரிலேயே மிகச் சிறந்த காதுகள் பதினொரு ஜோடி அந்த அறையில் இருந்தன. ஒன்றுக்கும் அது கேட்கவில்லை.

"கைதட்டுங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். திகைத்துப்போய்த் தட்டினார்கள். நஈமா மூச்சுவிட வாயை மூடினாள்.

"இன்னொரு தரம்."

கேட்டவர் அவர். அவர் தட்டவில்லை.

அம்மா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். கால்கள் நகர்ந்தன. கண் நாற்காலியை விட்டு நகரவில்லை. வாய் பாடிக்கொண்டே இருந்தது. அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு. குரலில் மணல் விழுந்துவிட்டது.

நாற்காலி காலியாக இருப்பதால்தானே அவர் வந்து உட்காருகிறார்?

அவ்வளவுதான் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குளிரிலும் நாற்காலி சூடாக இருந்தது.

அறை அடங்கியது. மழைச் சத்தம் மட்டும். நான் கைகளைத் தட்டினேன். "போதும்டா கண்ணு. உன் வாய்க்கு ஆயுசு. போதும்."

நஈமா நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு நன்றியை நான் பெற்ற பிள்ளைகூட என்மேல் காட்டியதில்லை. "சனிக்கிழமை..." என்றாள். பேச வந்தது. இன்னும் கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது. வெந்நீரும் சோம்பும் கொடுத்து இரண்டு நாள் வாய் பேசாமல் வைத்திருந்தால் போதும். பிழைத்துக்கொள்ளும்.

"இன்னொரு தரம்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

என் நாக்கில் கிராம்பு காரமாக எரிந்தது. என் உதடுகள் அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தன.

நஈமா பாடினாள். "கதவை" என்ற சொல்லில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இரு கைகளாலும் என் வாயை நானே பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தசூகி கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு யாரும் எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. சம்மதமா என்று மூன்று முறை கேட்டார்களாம், பெண் தலையைக்கூட அசைக்கவில்லையாம். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசாத மனைவி அமைந்தாள் என்று ஹாஜ் பெஷீர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்கிறார்.

அன்றிலிருந்து நான் வாய் திறப்பதில்லை. ரொட்டி வேண்டுமென்றால் விரலைக் காட்டுகிறேன். சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். உம் ஹாஸிமின் நாக்கை யாரோ மந்திரித்துக் கட்டிவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. யார் அந்தப் புண்ணியவான் என்று என்னிடமே விசாரிக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் எதிர்வீட்டில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி இட்டார்கள். பாட வந்தவள் புதிய பெண், யாரும் கேள்விப்படாதவள். முதல் வரியிலேயே நல்ல குரல் என்று தெரிந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். குப்புறப் படுத்து, தலையணையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டேன். மூச்சு முட்டியது. என்னிடமிருந்து ஒரு சத்தமும் வெளியே போகவில்லை. அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்கிறேன், போகவில்லை.

எதிர்வீட்டுப் பெண் பாட்டை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள், யாரோ பேசுவதைக் கேட்கிறவள்போல.

பிறகு அதே வரியை, வேறு விதமாகப் பாடினாள்.