பன்றிக்கறிச் சட்டியில் செம்புழுதி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட இடம் இருக்கிறது. பிணமும் இல்லாத, திருடனும் இல்லாத ஒரு குற்றத்தைச் சொல்கிறேன். ஆனாலும் அன்று மதியத்துக்குள் ஒரு மனிதன் தன் தெருவையே இழக்க இருந்தான்.

அரிசோனா பாலைவனம். ஜனவரி. காலை 7:10.

குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் முகாம். வெர்னா தன் பழைய வீட்டுவண்டியில் பன்றிக்கறித் துண்டுகளைச் சட்டியில் போட்டுவிட்டுக் புகையை வெளியே இழுக்கும் கூரைக் காற்றாடியின் சுவிட்சைத் தட்டினாள். அது சுற்றியது. ஆனால் புகை மேலே போகவில்லை. கூரைமேல் கிடந்த செம்புழுதி சட்டியில் கொட்டியது. ஹீட்டர் எரியவில்லை. ரேடியோ பேசவில்லை. விளக்கு மட்டும் மங்கலாய் எரிந்தது.

முந்தின நாள்தான் அதே முகாமில் தங்கியிருந்த ஓர்வில் அந்த வண்டிக்குப் புதுக் கன்வெர்ட்டர் மாட்டியிருந்தான். கம்பத்து மின்சாரத்தை பேட்டரிக்குத் தக்கபடி குறைத்துத் தரும் பெட்டி அது. பழையது ஓயாமல் உறுமி, பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வண்டியிலிருந்து தம்பி கிளைட் ஓடிவந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா? வீட்டுக்கு வயர் இழுக்கறவனுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

அடுத்தவர் வண்டியைக் கெடுத்தவனுக்கு அந்த முகாமில் இடமில்லை. பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, ஓர்விலைக் கிளம்பச் சொல்வது என்று பேச்சாயிற்று. மனைவி போனபின் அவனுக்கு மிஞ்சியிருந்த அக்கம்பக்கம் அது ஒன்றுதான்.

9:30. முகாமில் இன்னொரு வண்டியிலிருந்து தெல்மா வந்தாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்; பின்னால் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்ணாடியிலேயே பார்த்துவிடுவாள்.

"நேத்து சாயங்காலம் காத்தாடி எப்படி இருந்துச்சு, வெர்னா?"

"மீன் பொரிச்சேன். புகையை நல்லா இழுத்துச்சு."

"இன்னைக்கு வேற எதாவது?"

"சோடா உப்பு டப்பாவைக் காணோம். பான்கேக் தட்டையா செருப்பு மாதிரி வந்துருக்கு. தின்னு பாக்குறியா?"

"என் பல்லு இருக்கட்டும்மா."

தெல்மா படிக்கட்டுக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். முனைகள் தேய்த்த வெள்ளிபோல் பளபளத்தன. ஓரத்தில் வெள்ளைப் பொடி. வெள்ளை வயர் பிளஸில், கருப்பு மைனஸில்.

10:15. தெல்மா போனபோது ஓர்வில் தன் வண்டியில் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"பேட்டரி முனையைத் தேச்சியா?"

"இல்லை. கன்வெர்ட்டரை மட்டும்தான் மாத்தினேன்."

"கருப்பு வயர் எதுல இருந்துச்சு?"

"பிளஸ்ல. இந்த மாதிரி பழைய வண்டியில அதான் வழக்கம். இந்த நாட்டுல வீட்டு வயரிங்லயும் கருப்புலதானே கரண்ட் வரும்."

"மூட்டையை அவுரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

12:00. நீள மேசை. பீன்ஸ் குண்டான் ஆறிக்கொண்டிருந்தது.

"கன்வெர்ட்டர் செத்திருந்தா காத்தாடி மெதுவா சுத்தும், இல்லைன்னா நிக்கும்" என்றாள் தெல்மா. "தலைகீழா சுத்தாது. பேட்டரியில பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் கொடுத்தாத்தான் அப்படிச் சுத்தும். நேத்து மீன் பொரிக்கும்போது சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் யாரோ வயரைக் கழட்டி, துரு போக சோடா உப்புல முனையைத் தேச்சு, மாத்தி மாட்டியிருக்காங்க. கருப்புன்னா மைனஸ்னு கை தானா போயிருக்கு. அது கார் பழகின கை."

நாற்பது வருடம் கார் பட்டறை வைத்திருந்தவன் அங்கே ஒருவன்தான்.

"பொறி பறந்திருக்குமே, கிளைட்?"

கிளைட் கரண்டியைக் கீழே வைத்தான். "பறந்துச்சு. விடியக்காலையில அக்காவுக்கு ஒத்தாசையாத்தான் செஞ்சேன். முதல்ல அவன் வேலைதான் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் புழுதி கொட்டினதைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு... நான்தான்னு சொல்ல வாய் வரல."

"அவனைத் திட்ட மட்டும் வந்துச்சாக்கும்!" என்றாள் வெர்னா. "என் டப்பா எங்கடா?"

"கன்வெர்ட்டருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் ஓர்வில். "இதுக்குன்னே அதுல ரெண்டு ஃபியூஸ் வெச்சிருக்கான். அதுதான் போயிருக்கும்."

1:20. ஓர்வில் பேட்டரி வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, மண்டியிட்டு ஃபியூஸ்களை மாற்றினான். டார்ச் பிடித்தவன் கிளைட்.

"கொஞ்சம் நேரா பிடிப்பா."

"டார்ச் கனக்குது, ஓர்வில்."

"அப்ப ரெண்டு கையால பிடி."

வெர்னா சட்டியைக் கழுவி மறுபடி அடுப்பில் வைத்தாள். காற்றாடி சுழன்றது. புகை நேராக மேலே ஏறியது. மேசையில் மூன்று தட்டு வைத்தாள்.

உங்கள் வீட்டுப் புகையும் அப்படியே மேலே போகட்டும், செல்லங்களா. சட்டியில் புழுதி விழாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் தப்புச் செய்தவர்க்கு "நான்தான்" என்று சொல்ல வாய் வரட்டும். சொன்னவர்க்கு ஒரு தட்டும் இருக்கட்டும்.