முந்திப் பாடும் குரல்

மூன்றாவது வரியில் இருந்த மூச்சு அவளுடையது இல்லை.

பாடுகிறவர்களுக்குத் தங்கள் மூச்சு தெரியும். வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலில் கால் தானாகத் தன் ஜோடியைக் கண்டுபிடிப்பது போலத்தான், யோசிக்க வேண்டியதில்லை. அந்த வரியை இடையில் உடையாமல் இழுக்கத்தான் பாட்டு டீச்சர் முன்னால் வருஷக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நேற்றும் உடையாமல்தான் பாடினாள். ஆனால் இப்போது ஹெட்போனில், ஒரு சொல்லைப் பாதியில் அறுத்துக்கொண்டு, யாரோ அவசரமாக வாயால் காற்றை உறிஞ்சினார்கள். விழுந்த பல்லின் இடைவெளியில் நுழைந்து போன காற்று. லேசாக விசில் அடித்தது.

அவளுக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

"அண்ணா, இது யாரோட மூச்சு?"

சவுண்ட் அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர், உரிமையாளர், துப்புரவுப் பணியாளர் எல்லாம் அவர்தான். மூன்றாவது வேலையை மட்டும் ராஜினாமா செய்துவிட்டார் என்று அறையைப் பார்த்தால் தெரியும்.

"உன்னோடதுதாம்மா. என்னோடதுன்னா பின்னாடியே இருமலும் வந்திருக்கும்."

"நான் அங்க மூச்சே எடுக்கல."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. போன வாரம் ஒருத்தர், நான் மூக்கால பாடறதே இல்லன்னு மூக்காலயே சொல்லிட்டுப் போனாரு."

அவள் சிரித்து வைத்தாள். சிரித்தாலும் கை ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

உலகம் அவளை வாளிப் பாப்பா என்று அழைத்தது. உலகம் என்றால், கையில் போன் வைத்திருந்த அத்தனை பேரும். சின்ன வயதில் ஒருநாள், குளியலறையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டியபடி, கைநழுவி ஓடிய சோப்பைப் பற்றித் தானே இட்டுக்கட்டிய நாலு வரியைப் பாடினாள். கதவிடுக்கில் நின்று அண்ணன் அதை வீடியோ எடுத்துப் போட்டான். மறுநாள் காலையில் அவளைத் தெரியாதவர்கள் என்று யாரும் மிச்சமில்லை. அதற்கப்புறம் அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள், கல்லூரியை முடித்தாள், குரல் உடைந்து கீழே இறங்கி நல்ல கனமான ஒரு இடத்தில் உட்கார்ந்தது. அவள் வளர்ந்ததை வீட்டு வேலை பார்த்த அக்கா கவனித்தாள். பஸ் கண்டக்டர் கவனித்து முழு டிக்கெட் கொடுத்தார். ரசிகர்கள் மட்டும் கவனிக்கவில்லை. இன்றைக்கும் எந்த மேடையில் ஏறினாலும் பின்வரிசையிலிருந்து ஒருவன் "வாளி எங்க?" என்று கேட்பான். அவன் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறான்.

அதனால்தான் இந்தப் பாட்டு. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, தன் இப்போதைய குரலில் பாடும் முதல் பாட்டு. இது பிடித்திருந்தால் ஆடியோ கம்பெனிக்காரர் வெளியிடுவார். பிடிக்காவிட்டால் பழைய சோப்புப் பாட்டுக்கே புது மேளம் சேர்த்து வெளியிடுவார். அப்புறம் அறுபது வயதிலும் அவள் பாப்பாதான். நாளைக்குப் பாட்டை அனுப்பியாக வேண்டும்.

"டபுள் பிரமாதமா பாடியிருக்க" என்றார் சவுண்ட் அண்ணா. "சொல்ல மறந்துட்டேன்."

ஒரு வரியைப் பாடிவிட்டு, அதே வரியை அப்படியே இன்னொரு முறை பாடி, முதல் குரலுக்கு அடியில் மெல்லிசாக விரித்தால் பாட்டு தடிமனாகும். அதுதான் டபுள். முதலில் பாடியது லீட். லீட் சட்டை என்றால், டபுள் அதற்கு உள்ளே பனியன்.

"நான் இன்னும் டபுளே பாடலையே."

"பாடினியே. நேத்து நான் சாப்பிடப் போனப்ப. ரெக்கார்டிங்க நிறுத்த மறந்துட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா அழகா பாடி வச்சிருக்க. ஆள் இல்லாதப்பதான் உனக்கு நல்லா வருதுபோல."

நேற்று அவர் சாப்பிடப் போனபோது அவளும் அண்ணனும் தெருமுனைக் கடையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வேறு நடுவில் புகுந்து அண்ணன் பக்கம் பேசினார். ஸ்டூடியோ பூட்டியிருந்தது.

அவள் அவருடைய பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய வீடியோவைக் கொடுத்தால் குரலைக் கற்றுக்கொண்டு, கேட்டதையெல்லாம் பாடித் தரும் மென்பொருள் இருக்கிறது. செத்தவர்களைக்கூடப் பாட வைக்கிறார்கள், உயிரோடு சோபாவில் உட்கார்ந்திருப்பவள் எம்மாத்திரம்? அவளுடைய பாட்டுக்கு அடியில் வாளிப் பாப்பாவை ஒளித்து வைக்க இவருக்கு என்ன ஆசை? இவருக்கு இருக்காது. இவரிடம் சொன்னவனுக்கு இருக்கும்.

வெளியே தாழ்வாரத்தில் அண்ணனின் குரல் கேட்டது. அண்ணன் என்றால் மானேஜர். மானேஜர் என்றால் போனில் நடந்துகொண்டே பேசுகிறவன். அவள் கதவை விரல் அளவுக்குத் திறந்தாள்.

"ஆமா சார், அதே குரல்தான்... எப்படின்னு எனக்கும் தெரியல சார்... இல்ல, அவகிட்ட இன்னும் சொல்லல."

அவள் கதவை முழுசாகத் திறந்ததும் அவன், மடியில் பிடிபட்ட திருட்டு மாங்காய் போல, போனைப் பின்னால் மறைத்தான்.

"என்ன சொல்லல?"

"ஒண்ணும் இல்லடி."

"அண்ணா."

"சரி, கத்தாத. நேத்து ராத்திரியே கம்பெனிக்காரருக்கு ஒரு தடவை கேக்க அனுப்பிட்டேன். மனுஷன் அழுதுட்டாராம். பழைய குரல் திரும்பி வந்துடுச்சுங்கறாரு. நல்ல விஷயம்தான?"

"ரெண்டு பேரும் சேர்ந்து என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நாங்க என்ன செஞ்சோம்? நீதான பாடின?"

அவன் பொய் சொல்லும்போது இடது காதைச் சொறிவான். இப்போது சொறியவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் நடிப்பில் தேறிவிட்டானா?

அவள் உள்ளே வந்து டபுளை மட்டும் தனியாகப் போடச் சொன்னாள். குழந்தையின் குரல் வந்தது. ஈரமான சுவர்களுக்கு நடுவில் நின்று பாடுவது போல, ஒவ்வொரு சொல்லைச் சுற்றியும் ஒரு சில்லிப்பு. நேற்றுக் காலையில்தான், இதே சோபாவில் உட்கார்ந்து, யாரிடமும் காட்டாமல் அவள் மாற்றிய ஒரு சொல் உண்டு. அதையும் அது மாற்றிப் பாடியது. பல்லவி முடிவில் அவள் கொஞ்சம் சுருதி நழுவிய இடத்தில், அதே அளவுக்கு நழுவியது. மென்பொருள் நழுவாது. நழுவத்தான் அதற்குத் தெரியாது.

"இப்ப ரெண்டையும் சேர்த்துப் போடுங்கண்ணா."

சேர்த்துப் போட்டார். திரையில் இரண்டு குரலும் இரண்டு வரிக் கோலமாக ஓடின. டபுள் எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் வரும். கேட்டுவிட்டுத்தானே பாடுகிறோம். இங்கே குழந்தையின் வரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லிலும். நழுவின இடத்தில்கூட அதுதான் முதலில் நழுவியது. அவள் அதைப் பார்த்து நழுவியது போலப் பின்னால் நழுவினாள்.

"நானும் பாத்தேம்மா" என்றார் சவுண்ட் அண்ணா. "முன்னாடி வர்றதுதான லீடு? அதனால அதை லீடாக்கிட்டு உன்னோடத டபுளா போட்டுட்டேன். ரொம்ப நல்லா உக்காந்துருக்கு."

அவர் தப்பு செய்ததாகவே நினைக்கவில்லை. அந்தத் தொழிலில் அது நியாயமான கணக்கு.

எப்படிச் செய்திருந்தாலும் செய்தது இவர்கள்தான் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கத்திப் பிரயோஜனம் இல்லை, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு டேக் பாடுகிறேன் என்பாள். பாடும் அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று வாயை மட்டும் அசைப்பாள். ஒரு சத்தம்கூட வெளியே விடமாட்டாள். அதற்கும் "பிரமாதம்" என்றார்கள் என்றால், சூழ்ச்சி எல்லார் முன்னாலும் வெட்ட வெளிச்சமாகிவிடும்.

எல்லார் முன்னாலும் என்பதற்காக அம்மாவுக்கும் போன் போட்டாள். அம்மா கைப்பையோடும், வழியில் வாங்கிய அரைக்கிலோ வெங்காயத்தோடும் வந்து சேர்ந்தாள்.

"சீக்கிரம் பாடு கண்ணு. குக்கர் வைக்கணும்."

வெளியே நல்ல மத்தியானம். பாடும் அறைக்குள் எப்போதும் இரவு. கனத்த கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் தெரு, மின்விசிறி, அம்மாவின் பேச்சு எல்லாம் ஒரே வெட்டில் அறுந்து போயின. சுவர் முழுக்க ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சு, அங்கே வந்து பாடிவிட்டுப் போன அத்தனை பேர் வாய்க்காற்றையும் குடித்து ஊறி, பூட்டி வைத்த துணிப்பெட்டி போல மெல்ல நாறியது. அந்த அமைதியில் அவளுக்குத் தன் கண்ணிமை மூடித் திறக்கும் சத்தம் கேட்டது. எச்சில் விழுங்கியது பக்கத்தில் யாரோ விழுங்கியது போலக் கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் மூன்று முகங்கள், வெளிச்சத்தில், மீன்தொட்டியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சவுண்ட் அண்ணா கையைத் தூக்கிக் காட்டினார்.

இசை ஆரம்பித்தது.

அவள் வாயைத் திறந்தாள். உதடுகளை மட்டும் முதல் வரிக்கு அசைத்தாள். தொண்டையை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தாள்.

காதில் பாட்டு வந்தது.

சுத்தமாக. தெளிவாக. குழந்தையின் குரலில்.

மாட்டிக்கிட்டீங்களா, என்று நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்புகூட வந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். யாராவது ஒருவர் திருட்டு முழி முழிக்க வேண்டும். யாரும் முழிக்கவில்லை. அண்ணன் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சவுண்ட் அண்ணாவின் இரண்டு கைகளும் மேஜையில் சும்மா கிடந்தன, அவர் கண்ணை மூடியிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வரியில் வேண்டுமென்றே உதட்டைத் தப்பாக அசைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வரியில் வாயை மூடிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

ஏன் என்று அப்போதுதான் பார்த்தாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று பேரின் பார்வையும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவள் இடுப்புக்குப் பக்கத்தில் எங்கேயோ.

அவள் குனிந்து பார்க்கவில்லை.

"நிறுத்துங்க" என்றாள். "நான் பாடல."

அந்தச் சொற்கள் ஹெட்போனில் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. நெஞ்சில் காற்று ஏறி இறங்கியது. பஞ்சுச் சுவர்கள் மட்டும் காத்திருந்தன. கத்தினாள். தொண்டை கிழிவது போல வலித்தது. வலி மட்டும்தான் வந்தது.

ஹெட்போன் கையில் பாடிக்கொண்டிருந்தது. அடியில், இன்னொரு குரல். கனமானது. ஒரு மயிரிழை பின்னால்.

அவளுடையது.

கதவு. கைப்பிடி. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளியே ஒலிபெருக்கிகளில் அறை நிறையப் பாட்டு. நேராக அம்மாவிடம் போனாள். வெங்காயப் பை, சோப்பு வாசனை, பிள்ளைப் பருவத்திலிருந்து தெரிந்த தோள். அந்தத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அம்மா திரும்பவில்லை. கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே, பஸ்ஸில் இடிக்கிறவர்களிடம் சொல்வது போல, தணிந்த குரலில் சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க. என் பொண்ணு பாடிட்டு இருக்கா."

அண்ணன் மட்டும் அவளை ஒருமுறை பார்த்தான். அடுத்த ரெக்கார்டிங்குக்கு முன்கூட்டியே வந்துவிட்ட யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல. மரியாதையாக நகர்ந்து, சோபாவில் அவளுக்கு இடம் விட்டான். காதைச் சொறியவில்லை.

பாட்டு முடிந்தது. சவுண்ட் அண்ணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். அவளைச் சுற்றிக்கொண்டு, மேலே பட்டுவிடாமல், பாடும் அறைக்குள் போனார். மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினார். அவள் உயரத்துக்கு நின்றிருந்த மைக்கைத் தன் மார்பு வரைக்கும் இறக்கினார். பிறகு முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, யாருமில்லாத தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"எட்டிப் பாடாத கண்ணு, தொண்டை வலிக்கும். இப்ப சரியா இருக்கா?"

ஒலிபெருக்கியில் ஒரு சின்னச் செருமல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ, அங்கிள்."

அவர் இறக்கினார்.