அறிவிப்பில் விடுபட்ட சொல்

நகராட்சி மாலையில் போடும் ஐந்து மணிப் பாட்டு முடிந்த பிறகும் தெருக் கம்பத்து ஒலிபெருக்கி அடங்கவில்லை. தினமும் கடைசிச் சுரத்தோடு வாயை மூடிக்கொள்ளும் அது, அன்று மட்டும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல், ஒரு மெல்லிய இரைச்சலோடு பனி மூடிய கூரைகளுக்கு மேலே விழித்திருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கினுயோ, கையை நீரிலிருந்து எடுக்காமல் காது கொடுத்தாள்.

"நகராட்சி அறிவிப்பு. காலையில் மேட்டுக் குளத்துப் பக்கம் போன ஒருவரைக் காணவில்லை. வெளிநாட்டுப் பெண். வயது முப்பது இருக்கும். உயரமானவர். சிவப்பு பூட்ஸ் அணிந்திருந்தார். பார்த்தவர்கள் உடனே தெரிவிக்கவும்."

கினுயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெளிநாட்டுப் பெண் அதே சமையலறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"சில்யா, உன்னைத்தான் தேடுறாங்க! ஊரையே கலக்கிட்டியே."

சில்யா ஃபின்லாந்துக்காரி. கினுயோவும் அவள் கணவர் இவாவோவும் நடத்தும் நான்கு அறை விடுதிக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மற்றப் பயணிகளைப்போல் இரண்டு கோயிலைப் படம் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் இல்லை. சூப்புக்கு மிசோ விழுது கரைப்பது, மெத்தை மடிப்பது, வாசலில் பனி தள்ளுவது என்று எல்லாவற்றையும் கினுயோவின் பின்னாலேயே நின்று பார்த்து, அப்படியே செய்துபார்ப்பாள். பேச்சு மட்டும் பாடப்புத்தகம். 'தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?' என்று அவள் கேட்டால் மீன்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"விடுங்கம்மா," என்றாள் சில்யா, தலை நிமிராமல். "தேடட்டும். அவங்களுக்கும் பொழுது போக வேணாமா?"

கினுயோவின் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த ஊர்ப் பேச்சு. இந்த ஊர் இழுவை. நேற்றுவரை அவள் நாக்கில் வராதது.

முள்ளங்கியைப் பார்த்தாள். கத்திக்கடியிலிருந்து அது காகிதம்போல் ஒரே சுருளாக, அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. கினுயோவுக்கு அந்தக் கை வர ஆறு வருடம் ஆயிற்று. அடுப்பில் கொதிக்கும் மீன் சாற்றின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. சேறு, பாசி, நாள்பட நின்ற நீர். மூன்று மணிவாக்கில் இவள் பின்கட்டு வழியாகத்தானே வந்தாள்? கதவு திறந்த சத்தம் கேட்டதாக நினைவில்லை.

இவாவோ தீயணைப்புத் தொண்டர் குழுவில் இருந்தார். தேடப் போயிருப்பார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

காற்றின் சத்தம். "எந்தப் பொண்ணு?"

"சில்யாதான். முள்ளங்கி சீவிட்டிருக்கா."

"கினுயோ, கரையில அவ பை கெடக்கு. நடுக்குளத்துல ஐஸ் உடைஞ்சிருக்கு. ஒத்தை பூட்ஸ் மட்டும் மிதக்குது." யாரோ தூரத்தில் அவரைக் கூவி அழைத்தார்கள். "இரு, வரேன்." துண்டித்துவிட்டார்.

வாசலில் காலணி வைக்கும் அலமாரியை எட்டிப் பார்த்தாள். சிவப்பு பூட்ஸ் இல்லை.

கத்தியின் சத்தம் நிற்கவில்லை. சரக். சரக். ஜன்னலுக்கு வெளியே நீலம் கருத்துக்கொண்டிருந்தது. குளத்து மேட்டில் டார்ச் விளக்குகள் தனித்தனியாக அலைந்தன. பிறகு ஒரே இடத்தில் கூடின. கூடியவை அசையவில்லை.

ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது.

"நகராட்சி அறிவிப்பு. தேடப்பட்ட பெண் கண்டுபிடிக்கப்பட்டார். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி."

அவ்வளவுதான். ஆள் உயிரோடு கிடைத்தால் 'நலமாக' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் இந்த ஊரில் யாரும் மேலே கேட்பதில்லை. அவரவர் வீட்டில் தலையைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"ஒரு வார்த்தையை விட்டுட்டாங்க, இல்ல?" என்றாள் சில்யா.

தொலைபேசி அடித்தது. கினுயோ திரும்புவதற்குள் சில்யா எழுந்துவிட்டாள். சில்யா அவளைக் கடந்து போனபோது மணிக்கட்டில் ஏதோ உரசியது. ஐஸ்.

"ஆமாங்க, நான்தான்," என்றது கினுயோவின் குரல்.

கினுயோ வாய் திறக்கவில்லை; தொலைபேசி சில்யாவின் காதில் இருந்தது.

"இல்லையே, இங்க யாரும் இல்ல. அப்ப ஏதோ உளறிட்டேன். தனியாத்தான் இருக்கேன். பயமா இருக்குங்க, சீக்கிரம் வாங்க."

வண்டி வந்து நின்றது. வாசல் கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. கினுயோ தன் இடுப்பைத் தடவினாள். ஏப்ரன் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வாசற்படியில் மண்டியிட்டிருந்தாள். பின்னந்தலையில் கினுயோவின் அதே சின்ன நரைத்த கொண்டை.

"வந்துட்டீங்களா? குளிர்ல வெறச்சுப் போயிருப்பீங்களே."

"வந்துட்டேன்." இவாவோ குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். குரல் உடைந்திருந்தது. "பாவம்டி. சின்னப் பொண்ணு. நான்தான் தூக்கினேன்."

கினுயோ நடைக்கு ஓடினாள். 'ஏங்க, அது நான் இல்ல!' வயிற்றிலிருந்து திரட்டிக் கத்தினாள்.

"ஐயா," என்றுதான் வந்தது அவள் வாயிலிருந்து, ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறி. "தயவுசெய்து என்னைப் பாருங்கள். நான் இங்கே இருக்கிறேன்."

இவாவோ நிமிர்ந்தார். மண்டியிட்டவளுக்கு மேலாக, நடையில் நிற்பவளைப் பார்த்தார். சற்றுமுன் தன் கையால் துணி போட்டு மூடிய முகத்தைப் பார்த்தார். கழற்றிய பூட்ஸ் கையிலிருந்து நழுவியது. பின்வாங்கினார். முதுகு கதவில் இடித்தது.

கினுயோ கையை நீட்டினாள்.

நீளமான, வெளுத்த விரல்கள். நகங்களில் சேறு. நுனியிலிருந்து குளத்து நீர், சொட்டுச் சொட்டாக, தரையில்.