விடுபட்ட ஆறடி

புதுக்கோட்டையில் ராஜா காலத்தில் கட்டிய அந்த நாடக அரங்கத்துக்கு மூன்று வருடத்துக்கொரு முறை உறுதிச் சான்றிதழ் வேண்டும். இம்முறை கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் நான். ஞாயிற்றுக்கிழமை அங்கே நர்சரி பள்ளி ஆண்டு விழா. என் மகள் அன்புமொழியும் ஆடுகிறாள்.

காவலாளி உடையப்பன் கதவைத் திறந்ததும் பழைய சான்றிதழை நீட்டினார். இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு போனார்களாம். நான் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள். டேப்பை எடுத்தேன். அவர் முகம் மாறியது.

வெளியே, சுவர்க் கனம் கழித்து, தொண்ணூற்றிரண்டு அடி. உள்ளே அளக்க, வாசலில் சுருளோடு நான் நின்றேன். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டு மேடைத் திரைக்குப் பின்னால் போனார். எண்பத்தாறுதான் வந்தது.

மனுஷன் பின்னால் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு, சுவர்வரை போகாமல் ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். மறுபடி போகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். நடுப்பகல்தான். ஆனாலும் மேடையில் இருட்டு. வௌவால் எச்ச நாற்றம் வாசல்வரை வந்தது.

"செவத்துல வச்சாச்சா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"வச்சாச்சு."

டேப் விறைத்தது.

தொண்ணூற்றிரண்டு.

அப்பாடா என்றிருந்தது. பெரியவரைச் சந்தேகப்பட்டது வெட்கமாகவும் இருந்தது. எழுதிக்கொண்டு நிமிர்ந்தால், தெருவிலிருந்து டீ கிளாஸோடு வருகிறார் உடையப்பன். மேடையின் பக்கவாசல் வழியாகக் கடைக்குப் போனாராம்.

"நீங்கதானம்மா திரைக்குப் பின்னாடி வந்து டீ வாங்கியாரச் சொன்னீங்க. டேப்பக்கூட என் கையிலேருந்து வாங்கிக்கிட்டீங்களே."

நான் வாசலை விட்டு நகரவே இல்லை.

இருவரும் போய்ப் பார்த்தோம். டேப், விரிசலே இல்லாத சுவருக்குள் போயிருந்தது.

இழுத்தேன்.

யாரோ விட்டுக்கொடுத்தது போல வந்தது. முதல் ஆறடியைக் காணோம். எண்கள் ஏழிலிருந்து தொடங்கின.

நான் கையெழுத்துப் போடவில்லை. விழா பள்ளி மைதானத்துக்கு மாறியது. பெற்றோர்கள் என்னை ஏசினார்கள். பிள்ளைகள் தப்பித்தார்கள், அது போதும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் அன்புமொழியின் அறைக்கு டைல்ஸ் போட அளந்தோம். புது டேப். வீட்டுக்கு வரைபடம் போட்டதே நான்தான். அறை பதினாறு அடி.

பத்துதான் வந்தது.

நுனியைப் பிடித்திருந்த அன்புமொழியிடம் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னேன். டேப் விறைத்தது. பதினாறு.

எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அன்புமொழி வெறுங்கையோடு நின்றாள்.

"டேப்பத்தான் நீ வாங்கிக்கிட்டியேம்மா" என்றாள், சுவரைப் பார்த்து.