ஆரோக்கிய மாதாவுக்குப் போட்ட பாலம்

காலையில் பாதிதான் இருந்தது அந்தப் பாலம். மாலையில் துல்லியோ மருந்துப் பையோடு கால்வாய்க் கரைக்கு வந்து நின்றபோது, மூடுபனிக்குள் அது முழுசாக நீண்டு கிடந்தது.

வருஷா வருஷம் நவம்பரில், ஆரோக்கிய மாதா திருவிழாவுக்காக, பெரிய கால்வாயின் குறுக்கே மிதவைகளைக் கோத்துப் பலகை பரப்புவார்கள். விழா முடிந்ததும் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். காலையில் நடுவே பெரிய ஓட்டை இருந்ததால் அவர் படகில்தான் இக்கரைக்கு வந்திருந்தார். சாப்பிடப் போன நகராட்சிக்காரன் திரும்பி வந்து வேலை பார்த்தானா? வெனிஸில் பிறந்து வளர்ந்து கிழவனாகியும் அப்படியொரு அதிசயத்தை அவர் கண்டதில்லை. மாதாவே இறங்கி வந்து ஆணி அடித்திருப்பாள் என்று எண்ணித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

சிரிப்பதற்கு அது நேரமில்லை. அக்கரையில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், மனைவி ஓர்னெல்லாவின் இன்ஹேலர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. நுரையீரல் கெட்டுப்போனவள். பனி இறங்குகிற நாளில் ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைக்க வேண்டும் அவளுக்கு. "சீக்கிரம் வந்துடு துல்லியோ, இன்னிக்கு வெளியில காத்தே இல்ல," என்று சொல்லித்தான் அனுப்பினாள். மருந்து வாங்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒயின் கடையில் ஒரு கோப்பை என்று உட்கார்ந்தவர்தான். ஒன்று மூன்றானது. நாலாவதும் ஆனது.

எல்லாம் அந்தச் சுற்றுலாக்காரர்களால் வந்த வினை என்பார் அவர். தண்ணீர் பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அந்தக் கூட்டத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. கடை வாசலில் உட்கார்ந்து, பெட்டியை உருட்டிக்கொண்டு, கைப்பேசியில் மூக்கை முட்டிக்கொண்டு, ஆட்டு மந்தை மாதிரிப் போகிறவர்களை வேடிக்கை பார்ப்பதும், வழி கேட்டு வருகிறவர்களைத் திசைமாற்றி விடுவதும் ஓய்வு பெற்றபின் அவர் பிடித்துக்கொண்ட தொழில். இன்றைக்கும் ஒரு ஜோடி ரயில் நிலையத்துக்கு வழி கேட்டது. எழுந்து நின்று, தொப்பியைத் தொட்டு, மகா மரியாதையோடு நேர் எதிர்த்திசையைக் காட்டினார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் பனிக்குள் போய் மறைந்ததும் கடையே குலுங்கியது. வீட்டில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பில் அவருக்கு மறந்துபோயிற்று. கைப்பேசியும் கையில் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு திரிவது வந்தேறிகளின் வேலை என்று அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பாலத்தின் வாயில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிறு கட்டுவதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு. ஊர்க்காரன் எவனாவது இந்தப் பாலத்துக்கு முன்னால் நின்று யோசிப்பானா? கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

ஆள் நடமாட்டமே இல்லை. பனிக்குப் பயந்து மந்தை பட்டியில் அடைந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று வேகமாக நடந்தார். பஞ்சு மாதிரி அடர்ந்த வெண்மை இருபுறமும் சுவராக நின்றது. கைப்பிடிக் கம்பி மட்டும் கூடவே வந்தது. பாசியும் டீசலும் கலந்த கால்வாயின் நாற்றம் முதலில் மூக்கில் அடித்து, பிறகு மெலிந்து, பிறகு எப்போது நின்றதென்று தெரியாமலே நின்றுபோய், அந்த இடத்தில் மெழுகு உருகும் வாசனையும், உப்புக்கண்டம் போட்ட ஆட்டிறைச்சியை முட்டைக்கோசோடு மணிக்கணக்கில் வேகவைக்கிற திருவிழாச் சாப்பாட்டின் வாசனையும் வந்தன. பாதி தூரம் வந்திருப்பார், அப்போதுதான் காலடியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. பாலம் ஆடவில்லை. மிதவைப் பாலம் ஒரு சிறு படகு போனால்கூட ஆடும். ஆயுசில் பாதியைத் தண்ணீரின்மேல் கழித்த காலுக்கு அது தெரியும். இது கல் தரை மாதிரி கிடந்தது. அடியில் தண்ணீர் மோதும் சத்தமும் இல்லை.

நாலாவது கோப்பையின் வேலை என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

பாலம் முடிந்த இடத்தில் கோயிலின் படிக்கட்டைக் காணோம். ஒரு சின்ன முற்றமும், அதிலிருந்து கிளம்பும் சந்தும்தான் இருந்தன. துல்லியோ அசந்து நின்றார். இந்த ஊரில் அவருக்குத் தெரியாத சந்தா? ஆனால் தெரியவில்லை. சந்தின் இருபுறமும் கடைகள், எல்லாவற்றிலும் மஞ்சள் விளக்கு. கறிக்கடை, பால் கடை, செருப்புத் தைக்கிற கடை, ஆணி விற்கிற இரும்புக் கடை. சுற்றுலாக்காரர்களுக்கு முகமூடி விற்கிற கடை ஒன்றுகூட இல்லை. வெளியூர் மூஞ்சி ஒன்றுகூட இல்லை. கூடையோடு பெண்கள், மெழுகுவர்த்தியோடு கிழவர்கள், எல்லாம் ஊர் ஜனம். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாளைக்கு ஒயின் கடையில் போய்ச் சொன்னால் ஒருவனும் நம்பமாட்டான். அப்படியே சந்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். மருந்துப் பை கையில் ஆடிக்கொண்டிருந்தது.

பை முழங்காலில் தட்டியபோதுதான் ஓர்னெல்லாவின் நினைவு வந்தது. இரும்புக் கடை வாசலில் நின்று, மாதா கோயிலுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார். தன் ஊரில் தானே வழி கேட்பது நாக்கில் கசந்தது.

கடைக்காரர் ஆணியை நிறுப்பதை விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தார். எங்கோ பார்த்த முகம். ஒரு கையை மார்பில் வைத்து, மறு கையால் அழகாகக் காட்டினார். "நேராப் போங்கய்யா. ரெண்டு பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பினா கோயில்தான். குழந்தைகூடப் போயிடும்."

பால் கடை வாசலில் நின்ற இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

துல்லியோ போனார். இரண்டு பாலம் தாண்டினார். இடது பக்கம் திரும்பினார். கறிக்கடை, பால் கடை, செருப்புக் கடை. இரும்புக் கடைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், மார்பில் வைத்த கையை எடுக்காமல். அந்தப் பணிவு யாருடையது என்று துல்லியோவுக்கு இப்போது புரிந்தது. தினமும் தன் முகத்தில் மாட்டிக்கொள்கிற பணிவு. ரத்தம் தலைக்கேறியது.

"யாருகிட்ட விளையாடுறீங்க? நான் இந்த ஊர்க்காரன்யா!"

"இங்க வர்றவங்க எல்லாரும் அதான் சொல்றாங்க," என்றார் கடைக்காரர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்கள். துல்லியோ அவர்கள் வாய்களைப் பார்த்தார். அவர் கத்திய கத்தலில் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி முகத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. குளிர் அப்படி. அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

எங்கோ பார்த்த முகமா? ஒத்தாவியோ. இரும்புக் கடை ஒத்தாவியோ. கடையை விற்றுவிட்டு, அடுத்த குளிர்காலத்திலேயே செத்துப்போன ஒத்தாவியோ. சவப்பெட்டியைக் கல்லறைத் தீவுக்குப் படகில் கொண்டுபோனபோது துல்லியோவும் போயிருந்தார். குளிருகிறது, சீக்கிரம் ஜெபத்தை முடியுங்கள் என்று பாதிரியாரிடம் முணுமுணுத்துக்கூட இருந்தார்.

திரும்பி ஓடினார்.

சந்து. முற்றம். பாலம். பாலத்தின் பலகை காலில் பட்டதும் உயிர் வந்தது. வந்த வழியே போனால் போதும். படகில் போய்க்கொள்ளலாம், நீந்திக்கூடப் போகலாம். ஓர்னெல்லாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். இனிமேல் அந்த ஒயின் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். மாதாவே, அவள் மட்டும் தாக்குப்பிடித்திருக்கட்டும்.

எதிரே பனிக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. மெழுகுவர்த்தி. அதைப் பிடித்த கை. கையை மூடிய நீல நூல் ஸ்வெட்டர்.

ஓர்னெல்லா.

வீட்டுச் செருப்போடு வந்தாள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போவதற்கே இரண்டு இடத்தில் உட்கார்கிறவள், கல்யாணமான புதிதில் நடந்ததுபோல வீசி நடந்து வந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, துல்லியோவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் நடக்கிறாள்!

"மருந்து வாங்கிட்டேன்," என்று பையை நீட்டினார்.

அவள் பையைப் பார்க்கவில்லை. "உனக்காக ரொம்ப நேரம் பாத்தேன்," என்றாள். கோபமில்லை. எதுவுமில்லை. மெழுகுவர்த்தி அவள் வாய்க்குக் கீழே எரிந்தது. பேசினாள், சுடர் அசையவில்லை.

துல்லியோ அந்தச் சுடரையே பார்த்தார். "என்னால்தானே," என்று அழுதார். "நான்தானே..."

அழுதபோது வந்த ஆவி அவள் முகத்தில் போய்ப் பட்டது. ஓர்னெல்லா கண்களை மூடினாள். அடுப்பருகில் குளிர்காய்கிறவள்போல முகத்தை நீட்டினாள். பனி நாட்களில் வழக்கமாகத் திறந்து வைத்திருக்கிற மாதிரி வாயை அகலத் திறந்து, அந்த வெள்ளை ஆவி முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ மூச்சு விடு துல்லியோ."

பின்னால் காலடிச் சத்தம். நிறைய. செருப்புக் கடைக்காரன். பால் கடைப் பெண்கள். ஒத்தாவியோ. யாரும் இப்போது சிரிக்கவில்லை. வந்து சுற்றி நின்றார்கள். நெருக்கமாக. எல்லோருடைய வாயும் திறந்திருந்தது.

துல்லியோ வாயை இறுக மூடினார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு முட்டியது. காது அடைத்தது. யாரும் அவரைத் தொடவில்லை. அவசரப்படவும் இல்லை. ஓர்னெல்லா இன்னும் ஓர் அடி முன்னால் வந்து, வாயைத் திறந்தபடி, அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.