ஜன்னல் திட்டில் கொழுப்பு உருண்டை

தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் டக் டக் என்ற சத்தம் நிற்கவில்லை.

டெய்லரம்மா ஊசியைப் பார்த்தாள். அது துணிக்கு அரை அங்குலம் மேலே சும்மா நின்றிருந்தது. சக்கரமும் அசையவில்லை. நல்ல பட்டப்பகல், மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சத்தம் பின்னறையிலிருந்து வந்தது. அவள் புருஷன் படுத்திருக்கும் அறை அது. மெத்தென்று இருக்கும் எதையோ நகத்தால் கொத்துவதுபோல டக், டக். அப்புறம் ஒரு சின்ன இழுப்பு. மறுபடியும் டக்.

"குருவிங்கதான், வேற என்ன" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மிதித்தாள்.

அவர் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கும்போதே வலது பக்கம் முழுதும் செயலற்றுப் போனது. பேச்சும் அதோடு போயிற்று. அந்தப் பக்கத்துக் காலில் ஊசி குத்தினாலும் தெரியாது, சர்க்கரை வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ மெஷினு, டீ என்னாச்சு?" என்றுதான் கத்துவார். பொண்டாட்டியைக் கூப்பிடுகிற லட்சணமா இது என்று அவளும் எரிந்து விழுவாள். இப்போது அந்த ஒரு 'மெஷினு'வைக் காதால் கேட்டால் போதும், எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் வழி சொன்னாள். "அவருக்குப் பிடிச்சது எதாவது கண்ணுக்கு முன்னால இருக்கணும்மா. ஆசை வந்தா வார்த்தை தானா வரும்." அன்றைக்கே ஒரு சிட்டுக்குருவி ஜன்னல் கம்பியில் வந்து உட்கார, அவருடைய பாதி உதடு அசைந்தது. டெய்லரம்மா அந்த நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் தினையும் கம்பும் இறைத்தாள். இரண்டு குருவி வந்து கிளறிவிட்டுப் போயின. சூரியகாந்தி விதை வைத்தாள், அணில் தின்றது. நிலக்கடலையை இடித்து வைத்தாள், எறும்பு மொய்த்தது. அப்புறம் புழு. தவிட்டுத் தட்டில் மஞ்சள் மஞ்சளாக நெளிபவற்றைக் குளியலறை மூலையில் வைத்து வளர்த்தாள். ஒருநாள் சோப்புப் பெட்டிக்குள் ஒன்று சுருண்டு கிடந்தது, அதோடு சேர்த்து முகத்தில் தேய்த்துவிட்டாள். சீ, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் பறவைத் தீனிக் கடைக்காரர் சொன்னார்: "ஆட்டுக் கொழுப்பை உருக்கி, தானியம் கலந்து, உருண்டை புடிச்சு வைங்கம்மா. அப்புறம் வெரட்டினாலும் போகாது."

கறிக்கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, தெனமும் கொழுப்பு மட்டும் கேக்கறீங்க? கறி மேல எதாச்சும் கோவமா?"

உருக்கிய கொழுப்பின் வாடை திரைச்சீலையில் ஏறியது, தலையணையில் ஏறியது, தைத்து மடித்து வைத்த துணிகளிலும் ஏறியது. "அக்கா, ஜாக்கெட்டுல என்னமோ கவிச்சி அடிக்குதே" என்று ஒருத்தி திருப்பியே கொடுத்துவிட்டாள். ஆனால் குருவிகள் வந்தன. பத்து, இருபது, எண்ண முடியாத அளவுக்கு வந்தன. உருண்டையில் இருந்த தானியத்தைத் துப்பிவிட்டுக் கொழுப்பை மட்டும் வழித்துத் தின்றன. ஒன்றுகூடக் கீச்சென்று கத்தவில்லை. அதை அவள் கவனித்தாள், கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டியில் ஒட்டிய கொழுப்பு வீணாகப் போவானேன் என்று, அவருடைய வெடித்த குதிகாலில் தேய்த்துக் காலுறை மாட்டிவிட்டாள். பஸ் ஓட்டி ஓட்டிச் செருப்புத் தோல்போலத் தடித்துப் போன குதிகால் அது. பதினைந்தே நாளில் தடிப்பெல்லாம் உதிர்ந்து, குழந்தையின் கன்னம்போல இளஞ்சிவப்பாகிவிட்டது. "எந்த மருந்துக்கும் கேக்காதது கொழுப்புக்குக் கேட்டுச்சு பாருங்க!" என்று பயிற்சிக்காரப் பெண்ணிடம் பெருமையடித்தாள். காலுறையின் குதி மட்டும் அடிக்கடி ஓட்டையானது. மூன்று தடவை இழையோட்டித் தைத்தாள்.

ஜன்னல் திட்டில் மஞ்சளாக, நகத்துண்டுபோலக் காய்ந்த செதில்கள் கிடந்தன. கொழுப்பின் ஆடை என்று நினைத்துப் பொறுக்கிச் சட்டியிலேயே போட்டாள். அவை உருகவில்லை. சுருண்டு பொரிந்தன. கரண்டியால் நசுக்கிக் கலந்துவிட்டாள்.

இன்றைக்கும் சட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மெஷினை விட்டு எழுந்து, உருண்டை பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிசைந்தாள். வழவழவென்று மணிக்கட்டு வரை ஏறியது. சட்டியோடு பின்னறைப் பக்கம் நடந்தாள்.

நடையில் கொழுப்பு வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, ஈரமான இரும்பை மோந்ததுபோல.

டக் டக் டக். இப்போது நிறைய அலகுகள்.

"என்னங்க?"

 

கதவை முழங்கையால் தள்ளினாள்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல கையில், பயிற்சிக்காக அவளே கெட்டித் துணியில் தைத்துக் கொடுத்த வார். அந்த வாரால்தான் செத்த காலை ஒரு நாளைக்குப் பத்து தடவை தூக்க வேண்டும். தூக்கியிருந்தார். கால் கம்பிகளுக்கு நடுவே திட்டின்மேல் கிடந்தது.

காலுறை தரையில் கிடந்தது.

பாதம் தெரியவில்லை. பழுப்பு முதுகுகள்தான் தெரிந்தன. நெருக்கியடித்து, சத்தமே இல்லாமல், தலைகள் இறங்கி ஏறின.

ஒரு குருவி பின்னால் நகர்ந்து இழுத்தது. வெள்ளையாக, நூல்போல ஒன்று நீண்டது. அலகிலிருந்து விட்டது. அது வெடுக்கென்று சதைக்குள் போயிற்று.

திட்டில் செதில்கள் கிடந்தன. இன்றைக்கு அவை ஈரமாக இருந்தன.

அவளுக்குப் புரிந்தது. குதிகால். சட்டி. கரண்டியால் நசுக்கியது. நசுக்கிய கையோடு டீ போட்டுக் குடித்தது.   

அவர் திரும்பினார். பாதி உதடு மேலேறியது. கண் முழுக்கச் சிரிப்பு.

"மெ..." என்றார். எச்சில் ஒழுகியது. "மெஷினு."

ஏழு மாதம். தெளிவாக, பழைய குரலில். கண்ணீரும் குமட்டலும் ஒன்றாகப் பொங்கின. எதை முதலில் விழுங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னும்" என்றார். "இன்னும் வை, மெஷினு."

டக் டக் நின்றது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் முகத்தை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. சட்டியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தன. மணிக்கட்டு வரை மினுமினுத்தன அவை.

ஒன்று பறந்து வந்து கட்டைவிரலில் உட்கார்ந்தது. கனமே இல்லை. மார்பெல்லாம் சிவப்பு. தலையைச் சாய்த்து நகத்தைப் பார்த்தது. பிறகு நகத்துக்கும் சதைக்கும் நடுவே மெதுவாக அலகை நுழைத்தது.