மூன்றாவது தண்ணீர்

மூன்றாவது முறை மூக்கைச் சிந்தியபோதும் தண்ணீர் கருப்பாகத்தான் போனது.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த அத்தாவுல்லா குழாயை மூடாமல், வெள்ளை டைல்ஸில் நெளிந்து ஓடிய கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் பஸ் டிப்போவுக்கு எதிரே நாற்பது வருடம் டயர் கடை வைத்திருந்தபோது ஐந்து வக்துத் தொழுகைக்கும் இதே கருப்புதான். அதை அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. முகத்தில் துணி கட்டி வந்தவர்களை, "இன்னா, கொள்ளையடிக்க வந்தியா?" என்று கேட்டுச் சிரித்த ஆள் அவர். ஆனால் உத்திரமேரூர்ப் பக்கம் வயலோரமாக வீடு வாங்கிக் குடிவந்து மூன்று மாதமாகிறது. இங்கே பஸ்ஸே இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பிறகு எங்கிருந்து வருகிறது இந்தப் பீடை?

சென்னையை விட்டுக் கிளம்பும் முன், மகள் ஷாஜியா பிடித்த பிடிவாதத்தில் ஒரு டாக்டரிடம் போனார். சின்னப் பையன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க ஊர விட்டுப் போலாம். உள்ள படிஞ்சது உங்கள விட்டுப் போவாது. வயசாவ வயசாவ இதயத்தையும் சேத்துப் புடிக்கும்" என்றான். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று முனகி, மருந்துச் சீட்டைக் கிழித்து ஆட்டோவிலிருந்தே பறக்கவிட்டார் அத்தாவுல்லா.

கூடத்தில் மனைவி ஜாஹிதா இருமினாள்.

அந்த இருமல்தான் அவரைப் பயமுறுத்தியது. நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் இருமி அவர் கேட்டதில்லை. கடைப் பக்கமே வராதவள். இந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் செருமலாகத் தொடங்கியது, இப்போது பேச்சின் நடுவே மூச்சை நிறுத்துகிறது. போய்ச் சேர்ந்துவிடுவாளோ? பயம் என்று சொல்ல வாய் வராத மனிதர்கள் பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுவார்கள். அவரும் தொழுதுவிட்டு நேரே அதற்குத்தான் போனார்.

"உன் வைக்கோல் புகைதான்யா எங்க வூட்டம்மா நெஞ்ச அடைக்குது. கொளுத்துறதத் தவிர இன்னா தெரியும் உங்களுக்கு?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பச்சமுத்து கோபப்படவில்லை. "நான் கொளுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது பாய். உங்க ஜன்னலத் தொட்டுப் பாருங்க. வெளிய கண்ணாடி பளிச்சுனு கீது. கரி உள்பக்கம்தான் கீது."

மாடு மேய்ப்பவன் தனக்குப் பாடம் நடத்துவதா? அத்தாவுல்லா காறித் துப்பினார். மண்ணில் விழுந்ததைப் பார்த்ததும், அதன் மேல் செருப்பை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும், கடையை மூடியபோது கொண்டுவந்த பழைய டியூபுகளை வார் வாராக அறுத்தார். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, படுக்கையறை ஜன்னல் இடுக்குகளில் ரப்பரை ஒட்டினார். மனைவியை உள்ளே படுக்க வைத்து, தானும் உள்ளேயே இருந்துகொண்டு கதவையும் உட்பக்கமாக ஒட்டினார். மாலை அஸர் தொழுகை வரை அசைக்காமல் விட்டால் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஊரே எரிந்தாலும் ஒரு துளி புகை நுழையாது. அவர் ஒட்டிய டியூப் இதுவரை கசிந்ததில்லை.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் ஜாஹிதா. வெள்ளைத் துப்பட்டியைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீ சும்மா இரு. ரெண்டு நாள்ல சரியாப் போவும்."

அறை மெல்ல இருண்டது. வெளியே பட்டப்பகல் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் கண்ணாடி வழியே வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போல் வந்தது. சொல்யூஷன் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை எழுந்தது. டீசல். கூடவே ஒரு சத்தம், டிப்போ வாசலில் நின்றபடி உறுமும் பஸ்ஸின் கர்ர் கர்ர். தெருவில் ஏதோ வண்டி நிற்கிறது என்று நினைத்தார். சுவரில் காதை வைத்தார். சுவர் சும்மா இருந்தது. காதை எடுத்தார், சத்தம் கூடவே வந்தது.

அவர் நெஞ்சிலிருந்து வந்தது.

துப்பட்டியில் ஒரு பொட்டு விழுந்தது. கருப்பு. பிறகு இன்னொன்று. அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை. மூச்சை இழுத்தார், பொடி விழவில்லை. விட்டார், விழுந்தது.

மறுபடி இழுத்தார். இல்லை.

விட்டார்.

அவள் நெற்றியில். கன்னத்தில். உதட்டில்.

ஜாஹிதா கண்ணைத் திறந்தாள். திட்டவில்லை. எப்போதோ தெரிந்துகொண்டவள்போல, கெஞ்சினாள்.

"ஏங்க... கொஞ்ச நேரம் மூச்சு வுடாம இருங்களேன்."

இருந்தார். பொடி நின்றது. அவள் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. அந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். ரப்பரில் நகம் வழுக்கியது. இழுத்தார். நகம் பிய்ந்தது. ரப்பர் வரவில்லை. அவர் ஒட்டியது.

காது அடைத்தது. கண் இருண்டது. நெஞ்சுக்குள் உறுமல் ஏறியது. ஒரு பஸ். பத்து பஸ். டிப்போ முழுதும்.

பொத்திய விரல்களுக்கு இடையே கருப்பு வழிந்தது.

ஜாஹிதா அவரைப் பார்த்தாள். துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் வாய் திறந்தது.

வெள்ளைத் துணி, அவள் மூக்கு இருந்த இடத்தில் முதலில் கருத்தது.